25 ரூபாய் பங்கு, 2 கப்பல், அசைக்க முடியாத போட்டி: வ.உ.சி. நடத்திய கம்பெனியில் ஸ்டார்ட்-அப் ஆரம்பிக்கிறவங்களுக்கு என்ன இருக்கு?

கேளம்பாக்கம் ஜங்ஷனில் இருந்து கோவளம் ரோட்டில் திரும்பினால் கொஞ்ச தூரத்திலேயே ரெண்டு பக்கமும் உப்பளம். இந்தப் பக்கம் சிறுசேரி, நாவலூர் என்று ஐ.டி. கட்டடங்கள். இந்த ரெண்டுக்கும் நடுவில் வாடகைக்கு இருக்கிற பல இளைஞர்களிடம் பேசினால், நாலு பேரில் ஒருத்தராவது ஒரு ஐடியா வைத்திருப்பார். கோவளம், நெம்மேலி பக்கத்து மீனைப் பிடித்த அன்றைக்கே ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளுக்குக் கொண்டு சேர்க்கணும் என்பார் ஒருத்தர். ஆப் ரெடி, பேர் கூட வச்சாச்சு என்பார் இன்னொருத்தர். அப்புறம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பணத்துக்கு எங்கே போறது?

இதே கேள்வியை 1906ல், இன்னொரு உப்பள ஊரில், ஒரு வக்கீல் கேட்டார். அவருக்குத் தேவைப்பட்டது 10 லட்சம் ரூபாய். வாங்க நினைத்தது கப்பல். வ.உ.சிதம்பரனாரை செக்கிழுத்தவர், தியாகி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். 1961ல் வந்த சிவாஜி படத்தையும் பார்த்திருப்போம். ஆனால் அவர் ஒரு கம்பெனியை எப்படிப் பதிவு செய்தார், யாரிடம் எவ்வளவு வாங்கினார், எந்த இடத்தில் அது உடைந்தது என்ற கணக்கு அதிகம் பேசப்படுவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

யார் இந்த வக்கீல்?

1872 செப்டம்பர் 5ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல், அம்மா பரமாயி அம்மாள். பிளீடர் பரீட்சை எழுதி, 1895 வாக்கில் ஒட்டப்பிடாரத்திலேயே தொழிலை ஆரம்பித்தார். போலீஸ் வழக்குகளில் ஏழைகள் பக்கம் நின்று வாதாடியதால் அதிகாரிகளோடு உரசல். அது முற்றியபோது, 1900ல் தூத்துக்குடிக்கு இடம் மாறினார். கையில் நல்ல தொழில், வசதியான குடும்பம். இன்றைய பாஷையில் சொன்னால், நல்ல சம்பள வேலையில் இருந்தவர். இதை முதலில் மனதில் வச்சுக்கோங்க, கடைசியில் இது என்ன ஆனது என்று பார்க்கும்போது உறைக்கும்.

தூத்துக்குடி அன்றைக்குப் பெரிய துறைமுகம். கொழும்புக்கு சரக்கும் ஆளும் போய்க்கொண்டே இருக்கும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள், வியாபாரிகள் என்று கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்த வழித்தடத்தைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. போட்டிக்கு ஆள் இல்லாததால் கட்டணமும் அவர்கள் இஷ்டம், மரியாதையும் அவர்கள் இஷ்டம்.

1905ல் வங்கப் பிரிவினையைத் தொடர்ந்து சுதேசி இயக்கம் கிளம்பியது. வெளிநாட்டுத் துணியை விடுங்கள் என்று ஊர் ஊராகக் கூட்டம். வ.உ.சி. அதையும் செய்தார். தர்ம சங்க நெசவுச் சாலை, சுதேசிப் பண்டக சாலை என்று சின்னச் சின்ன முயற்சிகள். கப்பல் கம்பெனி இதற்குப் பிறகுதான் வருகிறது. நேரடியாகப் பெரிய தொழிலில் குதித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

முதலீடு எப்படித் திரட்டினார்?

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. அப்போதைய இந்தியக் கம்பெனிகள் சட்டம், 1882ன் கீழ் முறைப்படி பதிவு. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கு 25 ரூபாய் என்று வைத்தார்கள். இந்தியர், இலங்கையர் உட்பட ஆசியக்காரர்கள் மட்டும் பங்கு வாங்கலாம் என்பது நிபந்தனை.

இந்த 25 ரூபாய் முக்கியமான முடிவு. ஒரு பங்கு 1,000 ரூபாய் என்று வைத்திருந்தால் பத்து ஜமீன்தார்களோடு வேலை முடிந்திருக்கும். சின்ன வியாபாரியும், வக்கீல் குமாஸ்தாவும் சேர்ந்து வாங்குகிற அளவுக்கு விலையை வைத்ததால், பங்கு வாங்கியவரே அந்தக் கப்பலின் வாடிக்கையாளராகவும் ஆனார். இன்றைக்கு கூட்டு நிதி என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அது.

அதற்காகப் பெரிய கைகளை அவர் விடவில்லை. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் தனி ஆளாக 8,000 பங்கு எடுத்தார். அதாவது 2 லட்சம் ரூபாய், மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கம்பெனியின் தலைவராக வந்தவர் பாண்டித்துரைத் தேவர். பாலவனத்தம் ஜமீன்தார், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901ல் நிறுவியவர். தமிழ் படித்தவர்களுக்கு அவர் புலவர்களின் புரவலர். ஆனால் கப்பல் கம்பெனியின் தலைவர் நாற்காலியிலும் அவர்தான் உட்கார்ந்திருந்தார் என்பது பல பேருக்குத் தெரியாது (எனக்கு இது கல்லூரியில் மூணு வருஷம் சங்கத்தைப் பற்றிப் படித்தபோதும் யாரும் சொல்லவில்லை). சட்ட ஆலோசகர்களில் சேலம் விஜயராகவாச்சாரியார் இருந்தார். புதுச் சங்கதியைப் பரப்ப பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை இருந்தது.

இத்தனையையும் ஓடி ஓடிச் சேர்த்த வ.உ.சி. வைத்துக்கொண்ட பதவி என்ன தெரியுமா? உதவிச் செயலாளர்.

நிறுவனர் தன் பெயரைப் பின்னால் வைத்து, சந்தை நம்புகிற பெயரை முன்னால் வைத்தார். கம்பெனி தொடங்கியவர்தான் தலைமைச் செயல் அதிகாரி என்று விசிட்டிங் கார்டு அடித்தே தீரணும் என்கிற அவசரம் அவரிடம் இல்லை.

இன்றைக்கு இதே மாதிரி செய்யலாமா?

இங்கே கொஞ்சம் நில்லுங்க. பல பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். வ.உ.சி. மேடை போட்டுப் பங்கு விற்றார் என்பதற்காக, கேளம்பாக்கத்தில் மீன் டெலிவரி ஆரம்பிக்கிற ஒருத்தர் அடுக்குமாடி வாட்ஸ்-அப் குரூப்பில் 'ஆளுக்கு 5,000 போடுங்க, பங்கு தர்றேன்' என்று போட முடியாது. கம்பெனிகள் சட்டம், 2013ன்படி பிரைவேட் லிமிடெட் கம்பெனி பொதுமக்களை அழைத்துப் பங்கு விற்கக் கூடாது. உறுப்பினர்கள் 200 பேருக்கு மேல் போகக் கூடாது. தெரிந்த சிலருக்குத் தருவதென்றாலும் பெயர் குறிப்பிட்டு ஆஃபர் கடிதம், தனி வங்கிக் கணக்கு, பதிவாளரிடம் தாக்கல் என்று முறை இருக்கு. மாமா, சித்தப்பாவிடம் வாங்குகிற பணமாக இருந்தாலும், அது கடனா பங்கா என்று முதல் நாளே காகிதத்தில் எழுதிடுங்க. பின்னால் தொழில் ஓடினால் எல்லோரும் அதைப் பங்கு என்பார்கள், படுத்தால் கடன் என்பார்கள்.

அன்றைக்கு இல்லாத ஒன்று இன்றைக்கு இருக்கிறது, அரசுப் பணம். தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்-அப் டிஎன் அமைப்பு டான்சீட் என்ற திட்டத்தில் ஆரம்பநிலை நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை ஆதார நிதி தருகிறது. பெண்கள் தலைமையிலான நிறுவனம், கிராமப்புறத் தொழில், பசுமைத் தொழில் என்றால் 15 லட்சம் வரை. பதிலுக்கு உங்கள் கம்பெனியில் சின்னதாக ஒரு பங்கை அரசு எடுத்துக்கொள்ளும், அதனால் இதை இலவசம் என்று நினைத்து விண்ணப்பிக்காதீங்க. மத்திய அரசு 2021ல் தொடங்கிய ஸ்டார்ட்-அப் இந்தியா ஆதார நிதித் திட்டத்தில் மாதிரி செய்து பார்க்க 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குப் போக 50 லட்சம் வரை கடன் அல்லது மாற்றத்தக்க கடனீடு. இது தொழில் காப்பகங்கள் வழியாகத்தான் கிடைக்கும். இந்தத் திட்டங்கள் கட்டம் கட்டமாகத் திறந்து மூடுவதால், இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று தளத்தில் பார்த்துவிட்டு இறங்குங்க.

ஆப் எதுவும் இல்லை, ஐஸ் பெட்டியும் வண்டியும் வாங்கி சாதாரணமாகத் தொழில் செய்யப் போறேன் என்றால் ஸ்டார்ட்-அப் என்ற சொல்லே தேவையில்லை. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான 'நீட்ஸ்' திட்டத்தில் 10 லட்சத்தில் இருந்து 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம் உண்டு, உச்சவரம்பு 75 லட்சம். வட்டியிலும் 3 சதவீதம் குறையும். அதைவிடச் சின்ன அளவு என்றால் முத்ரா கடன். இதற்கெல்லாம் முதலில் போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019ல், அதனால் பழைய நினைப்பில் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறிடாதீங்க. எங்கே போகணும் என்று கேட்டுட்டுப் போங்க.

சரி, கப்பலுக்கு வருவோம்.

வாடகைக் கப்பல் காலை வாரியது

பங்குப் பணம் முழுவதும் சேரும்வரை காத்திருக்காமல், பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்து சர்வீஸை ஆரம்பித்தார்கள். இன்றைக்கு எந்த வழிகாட்டியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்: சொத்தில் பணத்தைப் போடாதே, வாடகைக்கு எடுத்துச் சந்தையைச் சோதித்துப் பார். யோசனை சரிதான். ஆனால் பி.ஐ. கம்பெனி வாடிக்கையாளரிடம் போகவில்லை, நேராகக் கப்பல் கொடுத்தவரிடம் போனது. அங்கே கொடுத்த அழுத்தத்தில் ஷா லைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. டிக்கெட் வாங்க ஆள் இருக்கு, கம்பெனி இருக்கு, கப்பல் மட்டும் இல்லை.

ஒரே சப்ளையரை நம்புகிற எல்லா ஸ்டார்ட்-அப்பும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வரும். உங்கள் மீனைக் கொண்டுபோகிற ஐஸ் வண்டி ஒரே ஆளுடையது என்றால், நாளைக்குப் பெரிய கம்பெனி ஒன்று அவருக்கு மாதம் 5,000 கூடக் கொடுத்தால் போதும். வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற வரி இருக்கா என்று பாருங்க. பெரும்பாலும் இருக்காது.

வ.உ.சி. உடனே கொழும்பில் இருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து சர்வீஸ் நிற்காமல் பார்த்துக்கொண்டார். இந்த வேகம் இல்லையென்றால் கம்பெனி அந்த மாதமே காலி. அதன் பிறகு, சொந்தக் கப்பல் இல்லாமல் திரும்புவதில்லை என்று பம்பாய் கிளம்பினார். அந்த நேரம் மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி மீனாட்சி அம்மாள் நிறைமாத கர்ப்பிணி என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. இதை மெய்சிலிர்த்துச் சொல்வது நம் வழக்கம். எனக்கு இதில் மீனாட்சி அம்மாளின் பக்கம்தான் யோசனை போகிறது. தொழில் தொடங்குகிறவரின் ரிஸ்க்கில் பாதி வீட்டில் இருக்கிறவர் தலையில்தான் விழுகிறது, அவரிடம் யாரும் பங்குப் பத்திரம் நீட்டுவதில்லை.

1907ல் 'காலியா' என்ற கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது. பின்னாலேயே 'லாவோ'. காலியாவில் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் போகலாம், 4,000 மூட்டை சரக்கும் ஏற்றலாம். ஊரே துறைமுகத்துக்கு வந்து பார்த்தது.

கட்டணப் போர்

அடுத்தது விலை. பி.ஐ. கம்பெனி கொழும்புப் பயணத்துக்குக் கட்டணத்தை 1 ரூபாயாக இறக்கியது. சுதேசி கம்பெனி 8 அணாவுக்கு, அதாவது அரை ரூபாய்க்கு இறங்கியது. அப்புறம் பி.ஐ. காசே வேண்டாம், சும்மா ஏறிக்கோங்க என்றது, கூடவே குடையும் கொடுத்தது என்பார்கள். முதல் ரைடு ஃப்ரீ, கூப்பன் ஃப்ரீ என்று இன்றைக்கு நம்ம போனுக்கு வருகிறதே, அதே கதை.

மக்கள் பெருமளவு சுதேசிக் கப்பலிலேயே ஏறினார்கள் என்பது பெருமையான விஷயம்தான். ஆனால் கணக்குப் புத்தகத்தில் அது பெருமையாக வராது. பி.ஐ.க்கு உலகம் முழுக்க வழித்தடங்கள். தூத்துக்குடியில் ஒரு வருஷம் நஷ்டம் என்றால் வேறு இடத்து லாபத்தில் ஈடுகட்டலாம். சுதேசி கம்பெனிக்கு இருந்தது ஒரே வழித்தடம். அரை ரூபாய் டிக்கெட்டில் நிலக்கரி, மாலுமிச் சம்பளம், துறைமுகக் கட்டணம் எல்லாம் எப்படிக் கட்டுப்படியாகும்? என் கருத்தில், விலையை இறக்கிய அந்த முடிவுதான் கம்பெனிக்கு உள்ளே விழுந்த முதல் ஓட்டை. மக்களின் தேசபக்தி நிச்சயம் என்று தெரிந்த பிறகு, 1 ரூபாயிலேயே நின்றிருக்கலாமோ என்று தோன்றுகிறது. ஆனால் ஏழைத் தொழிலாளி இலவசக் கப்பலை விட்டுவிட்டு 1 ரூபாய் கொடுப்பாரா என்று எதிர்க்கேள்வி கேட்டால் எனக்கும் பதில் சொல்லக் கஷ்டம்.

இன்று சந்தையை ஆள்கிற ஒரு கம்பெனி, போட்டியாளரை ஒழிக்க அடக்கவிலைக்குக் கீழே விற்றால், போட்டிச் சட்டம் 2002ன் கீழ் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுக்க வழி இருக்கிறது. வழக்கு நடக்கிற காலம் வரை தாக்குப்பிடிக்கக் கையில் பணம் இருக்கணும். குறைந்தது ஒரு வருஷச் செலவை ஒதுக்காமல் விலைக்குறைப்பில் இறங்க வேண்டாம் என்று கணக்குத் தணிக்கையாளர்கள் சொல்வது இதனால்தான்.

வ.உ.சி.யிடம் அப்படி ஒரு ஆணையம் இல்லை. அரசாங்கமே எதிர்ப்பக்கம் நின்றது. சுதேசிக் கப்பலில் போகாதே என்று கீழே வரை சொல்லப்பட்டது, துறைமுகத்தில் பரிசோதனை, தாமதம் என்று தினம் ஒரு இடைஞ்சல்.

கோரல் மில்லும் கைதும்

1908 பிப்ரவரி 27ஆம் தேதி தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம். கூலி உயர்வு, வார விடுமுறை கேட்டுத் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். சில நாளிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது.

இங்கேதான் கம்பெனிக்குள் புகைச்சல். கப்பல் ஓட்ட வந்த ஆள் மில் போராட்டத்துக்கு ஏன் போகணும் என்று பங்குதாரர்களில் சிலருக்குக் கோபம். முதலீட்டாளர் பார்வையில் அது நியாயமான கேள்வி. ஆனால் அந்த அரசியல்தான் 25 ரூபாய் பங்கை விற்றது, காலியாகப் போயிருக்க வேண்டிய கப்பலை நிரப்பியது. அதை மட்டும் கழற்றி வைத்துவிட்டுத் தொழிலைப் பார் என்றால் எப்படி?

மார்ச் 12ஆம் தேதி இருவரும் திருநெல்வேலியில் கைது. மறுநாள் கலவரம், துப்பாக்கிச் சூடு, நாலு பேர் பலி. ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மொத்தம் 40 வருஷம். மேல்முறையீடுகளில் அது குறைந்தது. கோவை சிறை, பிறகு கண்ணூர் சிறை. மாட்டுக்குப் பதில் செக்கில் பூட்டப்பட்டது கோவையில். அந்தச் சிறைக்காலத்தில்தான் ஜேம்ஸ் ஆலன் எழுதிய தன்முன்னேற்றப் புத்தகத்தை 'மனம்போல வாழ்வு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். மோட்டிவேஷன் வீடியோ பார்க்கிற தலைமுறைக்கு இது ஒரு சுவாரசியமான தகவல்.

அவர் இல்லாத கம்பெனி

பதவி உதவிச் செயலாளர்தான். ஆனால் பங்கு விற்றவர், கப்பல் பிடித்தவர், கூட்டம் சேர்த்தவர், எதிரியைச் சமாளித்தவர் எல்லாம் ஒரே ஆள். அவர் உள்ளே போனதும் மற்றவர்களுக்குப் பயமும் வந்தது, வழியும் தெரியவில்லை. 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் விற்கப்பட்டன. காலியா பி.ஐ. கம்பெனியிடமே போனதாகச் சொல்லப்படுகிறது.

இன்றைய முதலீட்டாளர்கள் ஒப்பந்தத்தில் 'முக்கிய நபர்' என்று ஒரு பிரிவு வைப்பது இதற்காகத்தான். நிறுவனருக்கு விபத்தோ, நோயோ, வேறு எதுவோ நடந்தால் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுவது யார், சப்ளையரிடம் பேசுவது யார், சர்வர் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கு? ரெண்டு பேர் மட்டும் இருக்கிற கேளம்பாக்கம் கம்பெனியிலும் இதை ஒரு பக்கத்தில் எழுதி வைக்கலாம். செலவு ஒன்றும் இல்லை.

வெளியே வந்த பிறகு

1912 டிசம்பர் 24ஆம் தேதி விடுதலை. வக்கீல் சன்னத் பறிக்கப்பட்டிருந்தது, கம்பெனி இல்லை, சொத்தும் கரைந்திருந்தது. சென்னைக்கு வந்து சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறி மாறிக் குடியிருந்தார். கடை வைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. 10 லட்சம் மூலதனம் திரட்டியவர் மாத வாடகைக்குத் திண்டாடினார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகச் சேர்த்த பணம் காந்தியிடம் இருந்தது. அது கைக்கு வருவதற்கு இருவருக்கும் இடையே மாதக்கணக்கில் கடிதங்கள் போயின. கடைசியில் 1916ல் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா.

தொழிலில் தோற்றவருக்கு இன்றைக்கும் நம்ம ஊரில் இரண்டாவது வாய்ப்பு சுலபமில்லை. அப்படியிருந்தும் சட்டம் ஒரு வேலியை வைத்திருக்கிறது: லிமிடெட் கம்பெனி நொடித்தால் பங்குதாரர் போட்ட பணம்தான் போகும், வீடு போகாது. ஆனால் வங்கிக் கடனுக்கு நிறுவனர் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த வேலி வேலைக்கு ஆகாது. கையெழுத்துக் கேட்கும் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து, வீட்டில் இருக்கிறவர்களோடு சேர்ந்து படித்துவிட்டுப் போடுங்க.

வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் பிற்பாடு அவருக்கு வக்கீல் சன்னத் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியிலும் பிறகு தூத்துக்குடியிலும் தொழில் பார்த்தார், பழைய வருமானம் வரவில்லை. கிடைத்த நேரத்தில் தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார்.

1936 நவம்பர் 18ஆம் தேதி தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. அதற்குச் சில நாள் முன்பு எழுதிய உயிலில், கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிகளைக் குறித்து வைத்திருந்தார். எண்ணெய்க் கடை பாக்கியும் அதில் இருந்தது.